‘டேக்’ என்ற ஒரு சொல்லும் ஒரு தடி ரெட்ஹவுஸ் அகராதியும்

இஸ்தான்புல்லுக்கு வேலைக்கு வருகிறேன், துருக்கி மொழிக்கு எந்த அகராதி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். ரெட்ஹவுஸ் வாங்குங்கள், அச்சில் வந்த தடிப் புத்தகமாகவே வாங்குங்கள், பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றரை வருடமாக ஆங்கிலம்-துருக்கி ரெட்ஹவுஸ் என் மேசை மேல் இருக்கிறது, முதுகு ஒட்டு விட்டுப்போய் இரண்டு முறை பசை போட்டுவிட்டேன், அதை மூடி வைத்த நாள் குறைவு. அது என்ன செய்யும், எதற்கு உதவாது, யாருக்கு உதவும் என்று ‘டேக்’ (take) என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நான் பணம் கட்டியது ஒரு கைபேசி செயலிக்கு. ஒரு வருடச் சந்தா. ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் துருக்கிச் சொல் ஒன்று பெரிய எழுத்தில் வரும், கீழே ஒரு படம், ஒரு உச்சரிப்பு, அவ்வளவுதான். டேக் என்று தட்டினால் ‘அல்மக்’. சரி என்று அதை மனப்பாடம் செய்துகொண்டேன். மெர்தெர் பகுதியில்தான் எங்கள் ஆபீஸ், சுற்றிலும் ஜவுளிக் கடைகளும் மொத்த வியாபாரமும். ஒரு நாள் சாயங்காலம் கிளம்பும்போது வயதில் மூத்த சக ஊழியர் ஒருவர், எப்படி வீட்டுக்குப் போவாய் என்று கேட்டார். நான் ‘ஒட்டோபுஸ் அலஜாம்’ என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், அப்புறம் பொறுமையாக விளக்கினார். அல்மக் என்றால் எடு, பெற்றுக்கொள், கூடவே விலைக்கு வாங்கு. நான் சொன்னது அவர் காதில் ‘ஒரு பஸ் வாங்கப்போகிறேன்’ என்றுதான் விழுந்திருக்கிறது. பஸ்ஸுக்கு ‘பின்மெக்’ என்று சொல்ல வேண்டும், அதாவது ஏறு. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் முழுக்க அந்தச் செயலி மேல்தான். ஒரு வருடக் காசை வாங்கிக்கொண்டு, இத்தனை அர்த்தம் உள்ள ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு பதிலைக் கொடுத்தால், தெரியாதவனைத் தெருவில் இறக்கிவிட்டுப் போவது மாதிரிதான்.

அந்த ஆபிதான் (அண்ணனை ஆபி என்பார்கள், தெருவில் போகிற மூத்தவரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்) என்னை சஹாஃப்லார் சார்ஷிக்குப் போகச் சொன்னார். பெயாஸிட் மசூதிக்கும் பெரிய மூடுசந்தைக்கும் நடுவில் இருக்கிற பழைய புத்தகச் சந்தை அது. டி1 டிராமில் பெயாஸிட் நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். முற்றத்தில் இப்ராஹிம் முதெஃபெர்ரிகாவின் மார்பளவுச் சிலை இருக்கிறது, உதுமானியப் பேரரசில் அரபு எழுத்தில் துருக்கி மொழிப் புத்தகங்களை அச்சடிக்க அச்சகம் வைத்தவர். அவர் 1729-இல் முதலில் அச்சிட்டு வெளியிட்ட புத்தகம் எது தெரியுமா? வான்குலு லுகதி, ஒரு அரபு-துருக்கி அகராதி. மனிதர் முதல் வேலையாக அகராதியைத்தான் எடுத்திருக்கிறார், அவர் சிலைக்குப் பக்கத்தில் நின்று அகராதி வாங்கியதில் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம்.

கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, நான் கேட்டதும் அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்து, மேல்தூசியை உள்ளங்கையால் துடைத்துக் கொடுத்தார். 1974-இல் வந்த பதிப்பின் பிந்தைய மறு அச்சு, ஆயிரம் பக்கங்களுக்கு மேல். நான் நேராக டேக் பக்கத்துக்குப் போனேன். மெல்லிய தாள், பொடி எழுத்து, பத்தி கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அல்மக்கில் தொடங்கி அரைப்புள்ளி போட்டுப் போட்டு வேறு வேறு வினைகள், அப்புறம் டேக்கோடு ஒட்டி வரும் தொடர்களுக்குத் தனித்தனியாகப் பொருள். முன்பு வைத்திருந்த யாரோ ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன டிக் போட்டிருந்தார்கள். அவருக்கும் இதே சொல்லில்தான் சிக்கல் போலிருக்கிறது. அங்கேயே காசைக் கொடுத்துவிட்டேன்.

பெயருக்குச் சொந்தக்காரரைப் பற்றிக் கொஞ்சம். ஜேம்ஸ் ரெட்ஹவுஸ் 1811-இல் பிறந்த ஆங்கிலேயர், பதினைந்து வயது வாக்கில் 1826-இல் இஸ்தான்புல் வந்து உதுமானிய அரசில் வேலை பார்த்தவர், மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். 1861-இல் லண்டனில் இவருடைய ஆங்கிலம்-துருக்கி அகராதி வந்தது, 1890-இல் இஸ்தான்புல்லில் அமெரிக்க மிஷனரிகளுக்காகப் பெரிய துருக்கி-ஆங்கில அகராதி வந்தது, 1892-இல் இறந்துவிட்டார். அவர் எழுதிய காலத்தில் துருக்கி மொழி அரபு எழுத்தில் இருந்தது. 1928-இல் எழுத்தையே லத்தீனுக்கு மாற்றினார்கள், அதற்கப்புறம் அகராதியைப் புதிதாகத்தான் செய்தாக வேண்டும். 1950, 1968, 1974 என்று வந்த பதிப்புகள் எல்லாம் அவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பிறர் உழைத்துச் செய்தவை. 1968-இல் வந்த துருக்கி-ஆங்கிலத் தொகுதியில் சொல்லுக்குப் பக்கத்திலேயே பழைய உதுமானிய எழுத்து வடிவமும் இருக்கும், பார்க்கவே அழகு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த அகராதியில் டேக் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் உட்கார்ந்தேன், வழியில் காதில் விழுந்ததையும் அதனோடு சேர்த்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஆங்கிலக்காரன் டேக் என்று ஒரே பையில் போட்டதைத் துருக்கியன் பத்துப் பைகளில் பிரித்து வைத்திருக்கிறான், அந்தப் பைகளில் பாதிக்கு மேல் நம் தமிழ்ப் பைகள்தான். பஸ்ஸை ஆங்கிலத்தில் டேக் செய்கிறோம். துருக்கியில் ஏறுகிறோம், தமிழிலும் ஏறுகிறோம். பின்மெக் குதிரைக்கும் வரும், விமானத்துக்கும் வரும், நமக்கும் குதிரையேற்றம்தான். ஒரே வித்தியாசம், அவர்கள் ‘பஸ்ஸுக்கு’ ஏறுவார்கள், நான்காம் வேற்றுமை. பழி தீர்ப்பதற்கு ‘இந்திகாம் அல்மக்’. அல்மக் என்றால் வாங்குவதும்தான் என்று முன்னே சொன்னேன் அல்லவா, அப்படியானால் அது அச்சு அசல் பழி வாங்குவது! வேலைக்கு ஆள் எடுப்பது, தையலுக்கு அளவு எடுப்பது, இரண்டுமே அல்மக். எங்கள் தொழிலில் நாள் முழுக்க இந்த அளவு எடுக்கிற ‘ஓல்ச்சு அல்மக்’ காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

பொறுமை விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த வேலை பொறுமையை டேக் செய்யும் என்பது ஆங்கில வழக்கு. துருக்கியில் ‘பு இஷ் சபுர் இஸ்தெர்’. இஸ்தெமெக் என்றால் விரும்பு, வேண்டு. அதாவது இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஆங்கிலத்தை நடுவில் வைத்து யோசிக்காமல் நேரே தமிழிலிருந்து போயிருந்தால் இதை நான் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

மருந்துக் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மார்கழிக் குளிரில் தொண்டை கட்டிப்போய், வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போனேன். அந்த அம்மா மாத்திரைப் பெட்டியைத் திருப்பி, பேனாவால் ‘2x1’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ‘தோக்’ என்று எழுதினார். தினம் இரண்டு வேளை ஒவ்வொன்று, தோக் என்றால் வயிறு நிறைந்த என்று அர்த்தம். எழுதிக்கொண்டே ‘தோக் கர்னினா இச்’ என்றார். இச் என்றால் குடி. மாத்திரையையும் குடிக்கத்தான் சொல்கிறார்கள்! சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் ‘ஆச் கர்னினா’, நம்முடைய வெறும் வயிற்றில். இந்த இச்மெக் சிகரெட்டுக்கும் வரும், நம் ஊரில் சிகரெட் குடிக்கிறவர்கள் மாதிரியே. ஆங்கிலத்தில் மருந்துக்கு டேக், சிகரெட்டுக்கு ஸ்மோக், தண்ணீருக்கு ட்ரிங்க். துருக்கியில் மூன்றும் ஒரே குடி.

எல்லாம் இப்படி ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். பரீட்சையை ஆங்கிலத்தில் டேக் செய்கிறோம், தமிழில் எழுதுகிறோம், துருக்கியில் பரீட்சைக்குள் நுழைகிறோம், ‘சினாவா கிர்மெக்’. இளைப்பாறுவது ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்வது, துருக்கியில் கொடுப்பது, ‘மோலா வெர்மெக்’. அங்காரா போகிற தொலைதூர பஸ்ஸில் நடத்துநர் வரிசையாக வந்து எல்லோர் கையிலும் எலுமிச்சை வாசனைக் கொலோன் ஊற்றிவிட்டு, அரை மணி மோலா என்று சொல்லிவிட்டுப் போவார். நம் ஊரில் இடைவேளை விடுவார்கள். எடு, கொடு, விடு, மூன்று மொழிக்கு மூன்று கை.

படம் எடுப்பதுதான் என்னை அதிகம் உட்கார வைத்தது. துருக்கியில் ‘ஃபொட்டோராஃப் செக்மெக்’, செக்மெக்கின் முதல் எழுத்தை மச்சானில் வரும் ச்ச மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும். செக்மெக் என்றால் இழு. படத்தை இழுக்கிறார்கள், பல்லையும் இழுக்கிறார்கள், பேங்கிலிருந்து பணத்தையும் இழுக்கிறார்கள், வேதனை அனுபவிப்பதற்கும் ‘அஜி செக்மெக்’ என்று இதே சொல்தான். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மாவை நான் தெய்ஸே என்று கூப்பிடுவேன். அம்மாவின் அக்கா தங்கைக்கு உரிய சொல் அது, அப்பாவின் அக்கா தங்கை என்றால் ஹாலா. நம்மைப் போலவே பிரித்துச் சொல்கிறார்கள், ஆண்ட்டி என்று எல்லோரையும் ஒன்றாக்குவதில்லை. அவரிடம் ஒரு நாள் என் அக்கா மகனின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கூட நின்ற அவன் அப்பாவையும் பார்த்தார். ‘பபாசினா செக்மிஷ்’ என்றார். அப்பாவிடம் இழுத்திருக்கிறான்! நாம் அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்போமே, அதேதான். மாடிக்கு வந்து அகராதியைத் திறந்தால் ‘டேக் ஆஃப்டர்’ என்று தனியாகக் கொடுத்துப் பொருள் போட்டிருந்தது. செயலியில் இதைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது, ஏனென்றால் எதைத் தேட வேண்டும் என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஒரே பக்கத்தில் எல்லாம் கண்ணில் படுவதில்தான் தாள் அகராதியின் பலமே இருக்கிறது.

அந்த மிஷ்ஷைப் பற்றியும் ஒரு வரி. நேரில் காணாமல், கேட்டோ ஊகித்தோ சொன்னால் துருக்கியில் வினையோடு மிஷ் சேரும். நமக்கு ‘ஆம்’ இருக்கிறது. வந்தானாம், கெல்மிஷ். இங்கே குழந்தைக் கதைகள் ‘இருந்ததாம், இல்லையாம்’ என்ற மாதிரி ‘பிர் வர்மிஷ் பிர் யோக்முஷ்’ என்றுதான் தொடங்கும். இதை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன், நமக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து.

வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது சிலது உண்டு. ஆங்கிலம்-துருக்கித் தொகுதி ஆங்கிலம் படிக்கிற துருக்கியரை மனதில் வைத்துச் செய்தது. பல பொருள்களை வரிசையாகக் கொடுக்கும், எந்தப் பொருள் எந்த இடத்துக்கு என்று நமக்காக நின்று விளக்காது. அதனால் துருக்கி-ஆங்கிலத் தொகுதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிந்தைய பதிப்புகளில் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே எந்த வேற்றுமை வரும் என்ற குறியும் இருக்கும், பின்மெக்குக்கு நான்காம் வேற்றுமை என்று அதைப் பார்த்துத்தான் மனதில் பதிந்தது. 1974 பதிப்பில் கணினி, கைபேசிச் சொற்களை எதிர்பார்க்கக் கூடாது. அரபிலிருந்து வந்த பழைய சொற்களும் நிறைய இருக்கும், இன்றைய இளைஞர்கள் அவற்றை அவ்வளவாகப் பேசுவதில்லை, ஆனால் வீட்டுக்காரம்மா வயதுக்காரர்களிடம் பேசவும் பழைய புத்தகம் படிக்கவும் அவை வேண்டும். அவசரத்துக்கு இணைய அகராதி பார்க்கிறவர்கள் துரெங்கைப் பாருங்கள், ஒரு சொல்லுக்குத் துறைவாரியாக நீளமான பட்டியலே தரும், நானும் ஆபீஸில் அதைத்தான் பார்க்கிறேன்.

என் வழி இதுதான். ஆங்கிலச் சொல்லை ரெட்ஹவுஸில் எடுத்து, வருகிற ஒவ்வொரு துருக்கி வினைக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழ் வினையை எழுதிவிடுவேன். ஏறு, இழு, குடி, வேண்டும், வாங்கு. டேக் பக்க ஓரம் நிறைந்துவிட்டது. முன்பு வைத்திருந்தவர் போட்ட டிக்குகளை அழிக்கவில்லை, அவற்றுக்கு இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

சஹாஃப்லாரில் வாங்கினால் காசு கொடுப்பதற்கு முன் நடுவிலும் கடைசியிலும் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கெட், டேக் மாதிரி எல்லோரும் அடிக்கடி தேடுகிற சொற்கள் இருக்கிற தாள்தான் முதலில் தையல் விட்டுக் கழன்று போகும்.