நாள்வழி நோட்டும் சாஃப்ட்வேரும்: காரைக்குடிப் பல் கிளினிக்கில் ஐந்து வருடம்

இரண்டு சேர், மூன்று உதவியாளர்கள், வாரம் ஒருநாள் மதுரையிலிருந்து வரும் கிளிப் டாக்டர். இந்த அளவு கிளினிக்கில் மாதச் சந்தா சாஃப்ட்வேர் ஒன்றும் அன்றாட வரவு செலவு எழுதும் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றும் ஐந்து வருடமாகச் சேர்ந்தே ஓடுகின்றன. சாஃப்ட்வேர் வந்ததும் நோட்டைப் பரணில் போட்டுவிடலாம் என்று விற்க வருபவர்கள் சொல்வார்கள். போடாதீர்கள்.

காரணம் ஒரே ஒரு பொத்தான். பல்லுக்குக் கிளிப் போட 40,000 ரூபாய் என்று பிளான் எழுதி ஒப்புதல் அழுத்தினால், முழு 40,000-மும் அன்றைய வருமானமாக ரிப்போர்ட்டில் ஏறிவிடுகிறது. கைக்கு வந்தது 8,000 முன்பணம்; மீதி 18 மாதத் தவணை. திரையில் மாதம் அமோகமாக இருக்கும், சம்பளம் போடும் அன்று பெட்டி காலியாக இருக்கும். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகக் கணக்குப் பழகிய ஊர் இது; பில் போட்டது வேறு, வரவு வேறு என்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் வண்ண வண்ண வரைபடத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் மறந்துவிடுகிறது. சாஃப்ட்வேரில் 'கலெக்‌ஷன்' ரிப்போர்ட் தனியாக உண்டு. அதை மட்டும் பாருங்கள்.

இரவுக் கணக்கு முடிக்கும் முறை: நோட்டில் ரொக்கம், யுபிஐ, கார்டு, பாக்கி என்று நான்கு பத்தி. காலையில் 2,000 ரூபாய் சில்லறையோடு பெட்டியைத் திறக்க வேண்டும். இரவு ரொக்கத்தை எண்ணி, சில்லறையைக் கழித்து எழுத வேண்டும். யுபிஐ தொகையை நோயாளி காட்டும் திரையை வைத்து எழுதக்கூடாது; வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கார்டுப் பணம் கட்டணம் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் மறுநாள்தான் வரும், ஆகவே முழுத்தொகையை வரவிலும் பிடித்ததைச் செலவிலும் எழுதுவது சரி. டாக்டரின் சொந்தக் கணக்கு க்யூஆர் மேசையில் இருந்தால் இந்த வேலையே நடக்காது; கிளினிக் பெயரில் நடப்புக் கணக்கு வேண்டும். இருபது ரூபாய் உதைத்தாலும் அன்றிரவே தேடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் சீட்டில்லாமல் எடுத்த கூரியர் காசு, திருப்பிக் கொடுத்த முன்பணம், தாய்க்கும் மகளுக்கும் இருமுறை போட்ட பில், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

சாஃப்ட்வேர் இங்கே தடுமாறும் இன்னோர் இடம் பெயர். பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயர், பேத்திக்கு ஆயா (பாட்டி) பெயர் என்பதால் ஒரே வீட்டில் மூன்று மெய்யப்பன் இருப்பார்கள், மூவருக்கும் ஒரே போன் நம்பர். ஆங்கிலத்தில் ஒரு ஒய் போட்டால் ஓர் ஆள், இரண்டு ஒய் போட்டால் வேறு ஆள். எக்ஸ்ரே மாறினால் விபரீதம். விலாச எழுத்துகள் (பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகள்), பிறந்த வருடம், ஊர் மூன்றையும் பெயரோடு சேர்த்துப் பதிந்து, எண் போட்ட அட்டை கொடுத்த பிறகுதான் இது அடங்கும்.

அப்பாயின்ட்மென்ட்டில் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டிய பத்தி 'ஊருக்குத் திரும்பும் தேதி'. கல்யாணத்துக்கும் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்ப் பொங்கலுக்கும் சிங்கப்பூர், சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஐந்து நாளில் கிளம்பிவிடுவார்கள். பல்லின் மேல் மாட்டும் உறையான கேப், லேபில் செய்து வரவே அவ்வளவு நாள் ஆகும். தேதி கேட்காமல் பல்லைச் செதுக்கிவிட்டால் தற்காலிகக் கேப்போடு விமானம் ஏறுவார்கள், பாக்கியும் கூடவே ஏறும்.

விலை வைக்கும் கணக்கு இப்படி. வாடகை, சம்பளம், கரண்ட், கடன் தவணை சேர்ந்து மாதம் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். சேரில் உண்மையிலேயே ஆள் இருக்கும் நேரம் 120 மணி என்றால் மணிக்கு 1,000. பல்லைத் திறந்து வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனாலும் கேப்பும் நான்கு முறை வரவழைத்து மூன்றரை மணி நேரம் எடுத்தால், ஃபைல் (வேரைச் சுத்தம் செய்யும் மெல்லிய கருவி), லேப் செலவுக்கு முன்பே 3,500 போய்விட்டது. வலி நின்றதும் பாதிப் பேர் கேப்புக்கு வருவதில்லை என்பது எந்த வரவேற்பாளருக்கும் தெரியும். அதனால் திறக்கும் அன்று பாதி, அடைக்கும் அன்று மீதி, கேப்புக்கு அளவெடுக்கும் அன்று லேப் செலவு முழுதும் என்று வாங்குவதே சரிப்படுகிறது. சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனவர்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்துக் கொடுப்பதில் மட்டும் சாஃப்ட்வேரை மிஞ்ச ஆளில்லை. சந்தாவுக்கு அந்த ஒரு வேலை போதும்.

லேப் நோட்டு தனி. அனுப்பிய தேதி, பல் எண், ஷேடு (பல்லின் நிறம்), வந்த தேதி, ரீமேக் (திரும்பச் செய்வது) என்றால் காரணம். ஆல்ஜினேட் பசையில் அச்சாக எடுத்த பல் அளவை அப்படியே மதுரை பஸ்ஸில் ஏற்றினால் ஈரம் வற்றிச் சுருங்கிவிடும். உடனே ஸ்டோன் (கெட்டியாகும் ஜிப்சம் கலவை) ஊற்றி மாடலாக அனுப்ப வேண்டும். ரப்பர் போன்ற அடிஷன் சிலிக்கோனில் எடுத்த அளவு என்றால் அப்படியே போகலாம். ஷேடைப் பல் காய்வதற்கு முன்பே பார்க்க வேண்டும், காய்ந்த பல் வெளுத்துக் காட்டும். ரீமேக்கில் யார் தவறு என்று எழுதி வைக்காவிட்டால் மாத பில்லில் ஒரே கேப்புக்கு இரண்டு விலை வந்து நிற்கும்.

வருகிற டாக்டரின் பங்கு லேப் செலவு போகவா, போகாமலா என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். கிளிப்புக்கு வசூலான தவணையில்தான் பங்கு என்றும் எழுதுங்கள். நட்பு கெடுவது இந்த ஒரு வரி இல்லாமல்தான்.

அரசு சம்பந்தப்பட்டவை: மருத்துவமனைப் பதிவு, எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு, மருத்துவக் கழிவு அனுமதி. இவற்றில் புதுப்பிக்க வேண்டியவற்றின் தேதிகள் சுவரில் இருக்கட்டும். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அழகுக்காக மட்டும் செய்வதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழுவாய் இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) போன்ற ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 முதல் தடை. நாலாகப் பிரித்து வாங்கினாலும் தப்பிக்க முடியாது.

எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியானாலும், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான். ரிப்பேர் பில்லைப் பார்த்தால் அந்தக் கேன் மலிவு.

சந்தா புதுப்பிக்கும் முன் நோயாளி விவரம், பாக்கி, எக்ஸ்ரே மூன்றையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு முதல் இரண்டும் எக்செல்லில் வந்தன. எக்ஸ்ரே படங்கள் பெயரில்லாமல் வெறும் எண்களாக வந்தன. அட்டை எண்ணை வைத்துத்தான் பொருத்த முடிந்தது.