பெல்ட்டா, போன் அழைப்பா, ஸ்கேனா: குறைப்பிரசவ அபாயத்தில் எது கைகொடுக்கும்?

37 வாரம் முடிவதற்குள் குழந்தை பிறந்தால் அது குறைப்பிரசவம். 2020ல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள், அதாவது பத்தில் ஒரு குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முந்தைய பிரசவம் சீக்கிரமே ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், கர்ப்பப்பை வாய் நீளம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இந்த அபாயம் அதிகம். அடுத்த செக்கப் வரை என்ன ஆகுமோ என்ற பயத்தில் இருப்பவரிடம் "வீட்டிலேயே கண்காணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஆறுதலாகத்தான் இருக்கும். அந்த ஆறுதலைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு வழியிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: இது தரும் தகவலை வைத்து மருத்துவர் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

முதலில் பெல்ட். 1980களில் அமெரிக்காவில் பரவிய முறை இது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையில் ஒரு சென்சார் இருக்கும். கர்ப்பப்பை இறுகுவதை அது பதிவு செய்யும். வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் கட்டிக்கொண்டு, பதிவைத் தொலைபேசி வழியாக அனுப்ப வேண்டும். மறுமுனையில் ஒரு நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுப் பேசுவார். பிரசவ வலி தொடங்குவதற்கு முன்பே இறுக்கங்கள் கூடும், அப்போதே பிடித்துவிட்டால் மருந்து கொடுத்து நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆரம்பகால ஆய்வுகள் சிலவும் நம்பிக்கை தந்தன.

ஆனால் பெல்ட்டோடு சேர்ந்து தினசரி நர்ஸின் அழைப்பும் வந்ததே, பலன் எதனால்? இதைப் பிரித்துப் பார்க்க, ஒரு பிரிவினருக்கு உண்மையான கருவியும் இன்னொரு பிரிவினருக்குப் போலிக் கருவியும் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. 1995ல் முடிவு வெளியானது: வித்தியாசம் இல்லை. 1998ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. அபாயம் உள்ள 2,422 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை நர்ஸின் அழைப்பு, இன்னொன்றுக்குத் தினமும் அழைப்பு, மூன்றாவதுக்குத் தினசரி அழைப்போடு பெல்ட்டும். குறைப்பிரசவம் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு. பெல்ட் கட்டியவர்கள் மட்டும் மருத்துவமனைக்கு அவசரமாக ஓடியது அதிகம், பிரசவ வலியை நிறுத்தும் மருந்து வாங்கியதும் அதிகம். பலன் கூடவில்லை, தொந்தரவுதான் கூடியது.

காரணம் 2002ல் தெளிவானது. 306 பெண்களிடமிருந்து கிட்டத்தட்ட 35,000 மணி நேரப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாதம் ஏற ஏற எல்லோருக்குமே இறுக்கம் கூடுகிறது, மாலைக்கு மேல் இன்னும் கூடுகிறது. சீக்கிரம் பிரசவித்தவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் இருந்தது உண்மை. ஆனால் "இத்தனை முறைக்கு மேல் போனால் ஆபத்து" என்று கோடு கிழிக்க எந்த எண்ணும் உதவவில்லை. இன்றைய ஒட்டுப்பட்டை சென்சார்களும் போன் செயலிகளும் கர்ப்பப்பையின் மின் சமிக்ஞையையே பிடிக்கின்றன, பழைய பெல்ட்டைவிடத் துல்லியம். இருக்கட்டும். பிரசவத் தேதியை முன்கூட்டிச் சொல்லாத ஒன்றை எவ்வளவு துல்லியமாக எண்ணினால்தான் என்ன?

அப்புறம் அந்த மருந்து. வலியை நிறுத்தும் மாத்திரையும் ஊசியும் பெரும்பாலும் இரண்டு நாள் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளின் மதிப்பு ஸ்டீராய்டு ஊசியில் இருக்கிறது. தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு குழந்தையின் நுரையீரலைத் தயார் செய்யும் என்று நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972ல் காட்டினார்கள். ஊசி போட்டு 24 மணி நேரம் முதல் ஏழு நாள் வரை பலன் உச்சத்தில் இருக்கும். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயை மாற்றவும் அதே நேரம் தேவை. ஆக, நேரத்தோடு மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதுதான் முக்கியம்.

அதற்குப் பெல்ட்டைவிட அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பதும், கூப்பிட்டால் எடுத்துப் பேச ஒரு நர்ஸ் இருப்பதும் மேல். இதுவும் குறைப்பிரசவத்தைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. 80களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இப்படிச் சொல்லிக்கொடுத்த திட்டம் நல்ல பெயர் வாங்கியது, பல மருத்துவமனைகளில் செய்துபார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆனால் செலவு குறைவு, கெடுதல் கிட்டத்தட்ட இல்லை. மேலே சொன்ன 1998 ஆய்வின்படி வாரம் ஒரு அழைப்பே போதும். பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும். விட்டுவிட்டுச் சீராக வரும் இறுக்கம், புதிதாக வந்த இடுப்புவலி, அடிவயிறு கீழே அழுத்துவது போன்ற உணர்வு என்றால் உடனே கூப்பிட வேண்டும். மணிக்கு எத்தனை இறுக்கம் வந்தால் கூப்பிடுவது என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையே உதவாது என்றாயே என்று கேட்கலாம். ஒன்றும் இல்லாதபோது தினமும் உட்கார்ந்து எண்ணுவதுதான் வீண். வழக்கத்துக்கு மாறாக ஏதோ நடக்கும்போது கவனிப்பது வேறு.

என் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது வீட்டில் செய்ய முடியாத ஒன்று: 24 வாரத்துக்கு முன் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றால் செய்வதற்கு வேலை இருக்கிறது. ஒற்றைக் குழந்தை என்றால் இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து, வழக்கமாக 200 மில்லிகிராம். முன்பே குறைப்பிரசவம் ஆனவர் என்றால் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதையும் யோசிப்பார்கள். வாரந்தோறும் போட்ட புரோஜெஸ்டிரோன் வகை ஊசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பலன் நிரூபணமாகாததால் அந்த ஊசிக்குக் கொடுத்த அனுமதியை அமெரிக்கா 2023ல் திரும்பப் பெற்றுவிட்டது. வலியோடு வருபவருக்கு ஃபைப்ரோநெக்டின் சோதனை உண்டு. கர்ப்பப்பை வாயருகே எடுக்கும் திரவத்தில் அந்தப் பெயருள்ள புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது அது. அதில் 'இல்லை' என்று வந்தால் அடுத்த ஒரு வாரத்தில் பிரசவம் ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். 'உண்டு' என்று வந்தால் அவ்வளவு நம்ப முடியாது.

படுத்த படுக்கை ஓய்வு இந்தப் போட்டியிலேயே இல்லை. குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்கு ஆதாரம் கிடையாது, ரத்தக்கட்டும் தசை பலவீனமும் மட்டும் வரலாம். கடையில் வாங்கும் டாப்ளர் கருவியும் அப்படியே. குழந்தையின் இதயத்துடிப்பு அதில் கேட்கிறதே என்று தாமதித்துவிடுவதுதான் அதில் உள்ள ஆபத்து.

வீட்டுக் கண்காணிப்பு ஜெயித்த இடமும் ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில், மருத்துவமனையில் படுக்கவைத்துக் கண்காணிக்க வேண்டிய பெண்களில் ஒரு பாதியை வீட்டுக்கு அனுப்பி ஓர் ஆய்வு செய்தார்கள். ரத்த அழுத்தப் பிரச்சினை, சீக்கிரமே உடைந்த பனிக்குடம், வளர்ச்சி குறைந்த குழந்தை என்று காரணங்கள் பல. வீட்டில் இருந்தவர்கள் குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவையும் ரத்த அழுத்தத்தையும் தினமும் அனுப்பினார்கள். 2023ல் வந்த முடிவின்படி, தாய்க்கும் சேய்க்கும் மருத்துவமனையைவிட மோசமாக எதுவும் ஆகவில்லை. இங்கேயும் வயிற்றில் ஒரு பெல்ட்தான். ஆனால் வரும் ஒவ்வொரு பதிவையும் பார்த்து, காத்திருக்கலாமா இப்போதே குழந்தையை வெளியே எடுக்க வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்கிறார். ரத்தப்போக்கு இருப்பவர்கள், வலி தொடங்கிவிட்டவர்கள், மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்ச் சேர முடியாத தூரத்தில் இருப்பவர்கள் இதற்கு ஆசைப்படக் கூடாது; அவர்களுக்கு வார்டுதான்.