‘பாய்மரப் படகு இலவசம்’ என்ற ஒரு வரியை நம்பி ஹனிமூன் புக் செய்யாதீர்கள்

ரிசார்ட்டின் பெயரை எழுதவில்லை. வங்கியில் கொடுத்த புகாரில் ஒரு பகுதி இன்னும் முடியாமல் கிடக்கிறது, அது முடியும்வரை பெயரை இழுக்காதே என்கிறார் கணவர். ஆனால் ஏதாவது ஒரு வெப்பமண்டலத் தீவில் ‘செய்லிங் ரிசார்ட்’ தேடி ஹனிமூனுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.

எனக்குப் பாய்மரப் படகு ஓட்டத் தெரியும். பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ராயல் யாட்டிங் அசோசியேஷனின் லெவல் 2 சான்றிதழ் வைத்திருக்கிறேன். பெரிய மாலுமி என்றெல்லாம் நினைக்க வேண்டாம், சின்னப் படகை அடக்கமான காற்றில் கொண்டுபோய்க் கொண்டுவரும் அளவுக்குத்தான். அவருக்கு நீச்சல் மட்டும் தெரியும். ஒரு வாரம் நான் ஓட்ட வேண்டும், அவர் கூட உட்கார்ந்து வர வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தோம். மற்ற ரிசார்ட்டுகளைவிடக் கூடுதலாகக் கொடுத்து இதைப் பிடித்ததற்கு அது ஒன்றுதான் காரணம். தளத்தில் எட்டு கேட்டமரான்கள் (இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுகள்) கரையில் வரிசையாகப் பாய் விரித்து நிற்கும் படம், அதன் கீழே ‘வரம்பில்லாத பாய்மரப் பயணம் இலவசம்’, புதுமணத் தம்பதிக்கென்று தனியாக ஓர் அந்திப் பயணம்.

போய்ப் பார்த்தால் கரையில் இருந்தவை இரண்டு. ஒன்றில் பாய்மரமே இல்லை. இன்னொன்றில் நடுவே உட்காரும் வலைத்துணி கிழிந்து, கயிறு போட்டுத் தைத்திருந்தார்கள். மற்ற ஆறும் எங்கே என்று கேட்டால் ‘சர்வீஸில்’ என்றார்கள். இருந்த ஒரே படகுக்கு ஆளுக்கு நாற்பது நிமிடம், அதற்கும் முந்தின நாள் காலையிலேயே போய்ப் பெயர் எழுத வேண்டும். வரம்பில்லாதது என்றால் இதுதான் போல!

வரவேற்பில் போய்ச் சொன்னபோதுதான் உள்விஷயம் தெரிந்தது. படகுகளை நடத்துவது ரிசார்ட்டே இல்லையாம், கரையைக் குத்தகைக்கு எடுத்த வேறொரு கம்பெனியாம். இப்படிக் குத்தகைக்கு விடுவது பல தீவு ரிசார்ட்டுகளில் உள்ள ஏற்பாடுதான், அதில் தப்பில்லை. பணம் வாங்கும்போது ‘எங்கள் படகுகள்’ என்றவர்கள் குறை சொன்னதும் ‘அவர்களிடம் பேசுங்கள்’ என்கிறார்களே, அதுதான் எரிச்சல். அந்தக் கம்பெனியோ, உங்களிடம் நாங்கள் காசே வாங்கவில்லையே என்கிறது.

காற்று விஷயத்தில் எங்கள் முட்டாள்தனமும் உண்டு. மழை இல்லாத மாதமா என்று பார்த்தோம், காற்றுள்ள மாதமா என்று பார்க்கவில்லை. ஒரு பருவக்காற்று ஓய்ந்து அடுத்தது வருவதற்கு இடைப்பட்ட நேரம் அது, காலையில் காற்று 4, 5 நாட் தாண்டவில்லை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்). காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் அது 2, அதாவது முகத்தில் காற்று படுவது தெரியும், தண்ணீரில் சிற்றலை ஓடும், அவ்வளவுதான். விளம்பரப் படத்தில் கேட்டமரானின் ஒரு பக்கம் தண்ணீரைவிட்டு எழும்பி நிற்கிறதே, அதற்கு 10, 12 நாட்டாவது வேண்டும். தீவு கொஞ்சம் பெரியது, மலையும் இருக்கிறது, அதனால் பிற்பகலில் தரை சூடேறியதும் கடற்காற்று நன்றாக எழும்பும். ஆனால் அது எழும்புகிற மூன்றரை மணிக்குப் படகுக் கவுண்டரை மூடிவிடுவார்கள். புக் செய்வதற்கு முன் ‘இந்த மாதம் செய்லிங்குக்கு எப்படி?’ என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். ‘மிகச் சிறப்பாக இருக்கும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது, அதை நம்பினேன். விண்ட்ஃபைண்டர் போன்ற தளங்களில் பல ஊர்களுக்கு மாதவாரியாகச் சராசரிக் காற்று கிடைக்கிறது, ஐந்து நிமிட வேலை. கரீபியன் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள், ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் பருவம், அந்த நேரத்தில் விலை குறைவாகக் காட்டினால் காரணம் அதுதான்.

மூன்றாம் நாள் எங்கள் முறை வந்தது. கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் ஒன்றுக்குக் கொக்கி உடைந்திருந்தது, மாற்றிக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கினேன். கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில் காற்று முழுசாக நின்றுவிட்டது. கடல் வற்றுகிற நேரம் வேறு, பவளத்திட்டில் இருக்கிற இடைவெளி வழியாகத் தண்ணீர் வெளிக்கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நாங்களும் அதோடு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறோம். துடுப்பு ஒன்று கட்டிவைத்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் கயிறுதான் இருந்தது. கையை ஆட்டுகிறோம், விசில் ஊதுகிறோம். மீட்புப் படகு என்று காட்டினார்களே, அது எங்களுக்குத் தெரிகிற தூரத்தில் வாழைப்பழ மிதவையில் ஐந்தாறு பேரை ஏற்றி இழுத்துக்கொண்டிருந்தது. காசு வாங்கும் சவாரிதானே முதலில்! ஐம்பது நிமிடம் கழித்து வந்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்திருந்தது.

இனிதான் கூத்து. கரைக்கு வந்ததும் நாற்பது நிமிடம் தாண்டிவிட்டது என்று கூடுதல் நேரத்துக்குப் பில். அவர்கள் இழுக்க வராததால் ஆன தாமதத்துக்கு நாங்கள் காசு கொடுக்க வேண்டுமாம். அதை நான் கத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பையன் படகின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, சுக்கானைப் பிடித்திருக்கும் அலுமினிய வார்ப்பு விரிசல் விட்டிருக்கிறது, நீங்கள்தான் தட்டிவிட்டீர்கள் என்றான். அலுமினியம் புதிதாக உடைந்தால் உள்ளே பளபளவென்று இருக்கும். இந்த விரிசலில் உப்புத்தண்ணீர் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தொட்டுக் காட்டினேன், விரலில் ஒட்டியது. பையன் என் விரலைப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிடப் போனான். மேனேஜர் வந்து, முதல் நாள் அறைச் சாவியோடு கையெழுத்து வாங்கிய தாள்களில் ஒன்றைக் காட்டினார்: படகுச் சேதத்துக்கு அட்டையில் ஒரு தொகையை நிறுத்தி வைக்கலாம், சேதத்தை மதிப்பிடுவது கம்பெனியே. எட்டுத் தாள், பயண அலுப்பு, ஒன்றையும் படிக்கவில்லை.

“விடும்மா, ஹனிமூன்ல சண்டை வேண்டாம்” என்றார் அவர். இந்த மாதிரி இடங்கள் பிழைப்பதே இந்த ஒரு வாக்கியத்தால்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்தித் தனிப் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களோடு இன்னும் பதினான்கு ஜோடி. பாய் சுருட்டிக் கட்டியபடியே இருந்தது, போகவர எஞ்சின்தான், டீசல் புகை முழுக்க எங்கள் பக்கம். கிளம்பும்போதே சூரியன் மறைந்துவிட்டது. அறையும் சாப்பாடும் நன்றாகத்தான் இருந்தன, அதில் பொய் சொல்ல மாட்டேன்.

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்துப் படங்களைப் புரட்டியபோது மாட்டியது. வந்திறங்கிய அன்று அந்தப் படகில் சாய்ந்துகொண்டு அவர் போஸ் கொடுத்த படம். அவர் முட்டிக்குப் பக்கத்தில் அதே சுக்கான், அதே விரிசல். நாங்கள் படகைத் தொட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து. உடனே அட்டை கொடுத்த வங்கியில், இந்தக் கட்டணங்களை ஏற்க முடியாது என்று மூன்று மறுப்பு போட்டேன், சேதம், கூடுதல் நேரம், அந்திப் பயணம். தாமதிக்காதீர்கள், இதற்கெல்லாம் காலக்கெடு உண்டு. படகுச் சேதப் பணம் முழுசாகத் திரும்பியது, கூடுதல் நேரக் காசும் வந்தது. அந்திப் பயணம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது, ‘தனி’ என்றால் மற்ற விருந்தினர் இல்லாத படகு என்று எங்கும் எழுதவில்லை என்று பதில் போட்டிருக்கிறார்கள். நல்லவேளை, புக் செய்த அன்றே அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருந்தேன், அதை அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால் இன்றைக்குக் கடலில் இறக்கக்கூடிய படகு எத்தனை, அதை நடத்துவது யார், மீட்புப் படகு அதற்கென்றே நிற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படகை எடுக்கும் முன் அடிப்பகுதி, சுக்கான், பாய், வலைத்துணி எல்லாவற்றையும் படம் எடுங்கள், பக்கத்தில் அவர்கள் ஆள் நின்றால் அவரும் படத்தில் விழட்டும். வங்கிக்கு அனுப்பும்போது வாட்ஸப்பில் வந்த படத்தை இணைக்காதீர்கள், எடுத்த தேதி நேரமெல்லாம் அதில் அழிந்துவிடும். நான் முதலில் அதைத்தான் அனுப்பினேன், தேதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள், அப்புறம் அவர் ஃபோனிலிருந்து மூலப் படத்தை எடுத்து மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று.