ஆடிப் பார்த்த ராக்கெட் ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று

எடை குறைந்த கன்ட்ரோல் வகை டென்னிஸ் ராக்கெட் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், கடையில் ஆடிப் பார்க்கத் தரும் டெமோ மட்டையை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நான் ஆடிப் பார்த்ததும் வாங்கியதும் ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே பதிப்பு. ஆனால் ஒரே மட்டை இல்லை. கடையின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை, எந்தக் கடையும் செய்யக்கூடிய வேலைதான் இது.

முதலில் மாடலைச் சொல்லிவிடுகிறேன். 98 சதுர அங்குலத் தலை, 18×20 ஸ்ட்ரிங் பின்னல் (நெடுக்கே 18, குறுக்கே 20), ஃப்ரேமின் தடிமன் 21 மில்லிமீட்டர், ஸ்ட்ரிங் போடாமல் 285 கிராம். ஃப்ரேம் மெலிசு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பின்னல் நெருக்கம். அதனால் பந்து தானாக எகிறாது, நீங்கள் வீசிய அளவுக்குத்தான் போகும். முழு வீச்சில் அடிப்பவருக்கு இது வரம். ஆனால் இந்த வகை மட்டைகளில் பெரும்பாலானவை 300 கிராமுக்கு மேல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஃப்ரேம் பந்தைத் தள்ளாது என்பதால், எதிராளியின் கனமான அடியைத் தாங்கி நிற்க எடை ஒன்றுதான் துணை. 285 கிராமில் கன்ட்ரோல் மட்டை செய்வது கம்பி மேல் நடக்கிற மாதிரி. தடிமனான பவர் மட்டையில் பத்து கிராம் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். இதில் பத்து கிராம் குறைந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

டெமோ மட்டை அருமையாக ஆடியது, அதில் சந்தேகமே இல்லை. பேக்ஹேண்ட் ஸ்லைஸ் தாழ்வாகப் போய்க் கோட்டுக்குள் விழுந்தது. வேகமான சர்வை வெறுமனே தடுத்துக் கொடுத்தாலே பந்து ஆழமாகப் போனது. இந்த எடையில் எப்படி இவ்வளவு ஆட்டமில்லாமல் நிற்கிறது என்று கேட்டதற்கு, “ஃப்ரேமுக்குள்ள கார்பன் லேயர் வேற சார், புதுத் தொழில்நுட்பம்” என்றார் கடைக்காரர். கூடவே ஒரு சலுகை: ஸ்ட்ரிங் இலவசமாகவே போட்டுத் தருகிறோம் என்றார். இந்த இலவசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

புது மட்டை வந்தது. வாலிக்கு, அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிக்க, மட்டையை நீட்டினால் கையிலேயே திரும்பிக்கொண்டது. மட்டையின் நடுவில் பந்து நன்றாகப் படும் ஸ்வீட் ஸ்பாட்டை விட்டுக் கொஞ்சம் விலகிப் பட்ட பந்தெல்லாம் வலையில். ஸ்லைஸ் மிதந்து மிதந்து போனது, எதிராளிக்குக் கொண்டாட்டம். கொஞ்ச நாளில் முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு வலியும் சேர்ந்தது. எடை குறைந்த மட்டை கைக்கு இதம் என்று பலரும் நினைக்கிறார்கள். பந்து மோதும் அதிர்ச்சியை மட்டையின் எடை வாங்கிக்கொள்ளாவிட்டால் அது கைக்குத்தான் வந்து சேரும்.

கடையில் சொன்னபோது, “பழகணும் சார், ஸ்ட்ரிங் இன்னும் செட் ஆகலை” என்றார்கள். போட்டிருந்தது பாலியஸ்டர் ஸ்ட்ரிங். அது கட்டிய நிமிடத்திலிருந்து இழுவிசையை இழந்துகொண்டேதான் போகும். அது செட் ஆகிக் கன்ட்ரோல் கூடும் என்பது கேட்கிறவருக்கு விஷயம் தெரியாது என்ற தைரியத்தில் சொல்வது.

சரி என்று டெமோவை இன்னொரு முறை இரவல் வாங்கி, இரண்டையும் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரிங்கரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டையும் தராசில் வைத்தார். இரண்டிலும் ஸ்ட்ரிங், கைப்பிடியின் மேல் சுற்றும் ஓவர்கிரிப் எல்லாம் இருந்தன. டெமோ 318 கிராம், என்னுடையது 297. ஸ்ட்ரிங்குக்கு ஏறக்குறைய 16 கிராம், ஓவர்கிரிப்புக்கு 5 கிராம் கழித்தால் என் ஃப்ரேம் வெறும் 276. ஒரே மாடலுக்குள் சில கிராம் முன்னே பின்னே இருப்பது சகஜம், 7 கிராம் வரை வித்தியாசம் வரலாம் என்று சில நிறுவனங்களே சொல்கின்றன. ஒன்பது கிராம் குறைவு அந்தக் கணக்கிலும் அடங்காது. அடுத்து ஸ்விங்வெயிட், அதாவது வீசும்போது மட்டை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதற்கான அளவு. அவரிடம் அதற்கான கருவி இருந்தது. டெமோ 312, என்னுடையது 289. ஆடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அவருக்கு டெமோவின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தலையின் உச்சியில், தரையில் உரசாமல் காக்கும் பிளாஸ்டிக் பட்டையான பம்பர் கார்டு ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மழுங்கிய ஊசியால் அந்த ஓரத்தை நெம்பிக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஈயப் பட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, ஸ்ட்ரிங் நுழையும் துளைகள் வரும் இடங்களில் மட்டும் அழகாக வெட்டிவிட்டிருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை இல்லை அது. நான்கு கிராம் இருக்கலாம் என்றார். உச்சியில் ஒட்டிய நான்கு கிராம் ஸ்விங்வெயிட்டைப் பன்னிரண்டு, பதின்மூன்று புள்ளி ஏற்றிவிடும். அப்புறம் கைப்பிடியின் அடிமூடியைத் திறந்தார். உள்ளே கெட்டிப்பட்ட சிலிக்கான். தலையில் ஏற்றியதால் பாலன்ஸ் மாறியது தெரியாமலிருக்க அடியிலும் எடை. நான் ரசித்த “தொழில்நுட்பம்” இதுதான்.

என் மட்டையின் ஸ்ட்ரிங் வேலை இன்னொரு கூத்து. கடைசி கிராஸில், அதாவது குறுக்கு ஸ்ட்ரிங்கில், பின்னல் தப்பியிருந்தது. ஒன்றன் மேல் ஏறி அடுத்ததன் கீழ் இறங்க வேண்டிய ஸ்ட்ரிங், அடுத்தடுத்த இரண்டு மெயின்களின் (நெடுக்கு ஸ்ட்ரிங்குகளின்) மேலேயே போயிருந்தது.

படங்களோடு கடைக்குப் போனேன். “அது முன்னாடி ஒரு பிளேயர் வெச்சிருந்தது சார், அவர் ஒட்டியிருப்பார்” என்று பதில். அப்படியானால் அதை ஏன் டெமோ என்று கொடுக்கிறீர்கள் என்பதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: ஸ்ட்ரிங் போட்ட ராக்கெட் திரும்ப எடுக்கப்படாது. அந்த இலவச ஸ்ட்ரிங் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. இலவசமாகக் கட்டிக் கொடுத்து, அதே கட்டில் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் முடிந்துவிடுகிறார்கள்.

எனவே இந்த வகை மட்டை வாங்குகிறவர்கள் ஸ்ட்ரிங் போடாத ஃப்ரேமைத் தராசில் வைத்துப் பார்த்த பிறகே ஸ்ட்ரிங் போடச் சொல்லுங்கள். பாலன்ஸையும் அளக்கச் சொல்லுங்கள். சிரமமான வேலை இல்லை, ஒரு பென்சிலின் மேல் மட்டையைக் கிடத்தி எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பார்த்து, அடியிலிருந்து அந்த இடம் வரை அளந்தால் போதும். டெமோவையும் அதே தராசில் ஏற்றுங்கள். மாடலில் போட்ட எடையைவிட ஸ்ட்ரிங், ஓவர்கிரிப் சேர்த்து இருபது, இருபத்திரண்டு கிராம் கூடியிருந்தால் சரி. அதையும் தாண்டி ஏழு கிராமுக்கு மேல் போனால் பம்பர் கார்டைத் தடவிப் பாருங்கள். தராசு வேண்டாம் என்று கடைக்காரர் முகம் சுளித்தால் அங்கே வாங்காதீர்கள்.

இந்த மாடலையே ஒதுக்கச் சொல்லவில்லை. சொன்ன 285 கிராம் உண்மையாகவே இருந்தால், வேகமான கையும் நடுத்தர வேகத்துப் பந்தும் உள்ளவருக்கு அது நல்ல மட்டையாகவே இருக்கலாம். தலையின் இருபுறமும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் வரும் இடங்களில் இரண்டிரண்டு கிராம் ஒட்டினால் கையில் திரும்புவதும் குறையும். வரிசை எண்ணையும் எடை விவரத்தையும் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன், பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். கடைக்காரர் கடைசியாகச் சொன்னது, வேண்டுமென்றால் டெமோவில் இருப்பது போலவே ஈயப் பட்டை ஒட்டித் தருகிறாராம், அதற்குத் தனிக் கட்டணம்.