நீதி சாமிக்கு எல்லாம் தெரிஞ்சா கேம் காலி: நாலு மாடல் வெச்சு ஒரு அலசல்

டேபிளைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து, டைஸ் உருட்டி கதையா ஆடற ரோல்-ப்ளே கேமை நடத்தறவன் நான். புது கேம்பெயினுக்கு, அதாவது பல செஷன் தொடர்ந்து ஓடற கதைக்கு, ஒரு நீதி தெய்வம் உருவாக்கலாம்னு உக்காந்தேன், ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. பேரு, சின்னம், கோயில் இதெல்லாம் ஒரு மணி நேரத்துல வந்துடுது. தீர்ப்பு சொல்றது சாமியா பூசாரியா, அந்த சாமிக்கு எவ்வளவு தெரியும், இந்த ரெண்டு கேள்வியிலதான் மாட்டிக்கிட்டேன்.

ரெடிமேடா கெடைக்கறது டிர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற ரோல்-ப்ளே கேம்ல வர்ற ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கற கற்பனை உலகத்தோட நீதிக் கடவுள், போர்ச் சுத்தியல் மேல நிக்கற தராசுதான் சின்னம். 2014 ரூல்புக்ல இவருக்கு குடுத்திருக்கற டொமைன் (பூசாரிக்கு என்ன மாதிரி சக்தின்னு சொல்ற பிரிவு) என்னன்னு பாத்தா வார், அதாவது நீதிபதி சாமி பூசாரிக்கு சண்டை வித்தை! சட்டம் ஒழுங்குக்குன்னு ஆர்டர் டொமைன் ஒண்ணு வர 2018 ஆச்சு. பாலடின், அதாவது சத்தியம் தவறாத புனிதப் போர்வீரன், ஆடணும்னு அடம்பிடிக்கற ஆளு டேபிள்ல இருந்தா டிர் கச்சிதம்தான், ஆனா க்ளெரிக், அதாவது பூசாரி கேரக்டர், மூணாவது லெவல் தொட்டதும் ஜோன் ஆஃப் ட்ரூத் ஸ்பெல் வந்துடும், 15 அடி ரேடியஸ், 10 நிமிஷம், உள்ள நிக்கறவன் சேவிங் த்ரோ (மந்திரத்தை எதிர்க்க உருட்டற டைஸ்) தோத்தா தெரிஞ்சே பொய் சொல்ல முடியாது, அவன் தோத்தானா இல்லையான்னு ஸ்பெல் போட்டவருக்கும் தெரிஞ்சிடும். மூணு செஷன் ஓடும்னு நான் பாத்துப் பாத்து கட்டின கொலைக் கேஸ் இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. பதில் சொல்லாம மழுப்பலாம்னு ரூல்லயே இருக்குதான், ஆனா ஊரே சுத்தி நிக்கும்போது வாயை மூடிட்டு நிக்கறவனை யாரு நல்லவன்னு சொல்லப்போறா.

இதைவிட இவரோட ஒரிஜினல் நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவிய, புராணக் கதைதான் எனக்கு சுவாரஸ்யமா பட்டுது. ஃபென்ரிர்ங்கற ராட்சச ஓநாயை தேவர்கள் கட்டணும், அவிழ்த்து விட்டுடுவோம்னு பொய் சொல்றாங்க, ஓநாய் நம்பறதுக்காக டிர் தன் கையை அதோட வாய்ல வெக்கறாரு. கை போச்சு. பொய் வாக்குக்கு ஜாமீன் நின்ன சாமி! இதை எடுத்துக்கிட்டா, பூசாரிங்க எல்லாம் வலது கையை துணியில சுத்திக்கிட்டுதான் தீர்ப்பு சொல்லணும்னு ஒரு வழக்கம் வெக்கலாம், தராசைவிட இது மனசுல நிக்கும்.

ரெண்டாவது ஹோர், அதே உலகத்துல பழிவாங்கற சாமி. ரோக், அதாவது பதுங்கித் திருடற கேரக்டர், ஆடற ஆளுங்களுக்குப் பிடிக்கும். ஆனா பூசாரிக்கு வேலையே இல்ல, யாரைப் போடணும்னு லிஸ்ட் வெச்சுக்கிட்டா போதும், ரெண்டு செஷன்ல கூலிப்படை ஆயிடுவாங்க.

மூணாவது எகிப்து. தராசுல ஒரு பக்கம் உண்மைக்கும் நீதிக்குமான தெய்வம் மாஅத்தோட இறகு, அதுக்கு எதிர்ல செத்தவனோட இதயம், கனம் தப்பினா அதைத் தின்னுடற அம்மித்ங்கற ராட்சசி, எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சிதான், ஆனா செத்தப்புறம் நடக்கற விசாரணைய வெச்சு உயிரோட இருக்கற கேரக்டருக்கு நான் என்ன பண்றது. நான் சொல்றது தெய்ர் எல்-மெதினா. ராஜாக்களோட கல்லறை கட்டின தொழிலாளிங்க ஊரு, 3,000 வருஷத்துக்கும் முந்தி. அங்க சாமியாக்கப்பட்ட ராஜா முதலாம் அமென்ஹோதெப் சிலையைத் தோள்ல தூக்கிட்டு வருவாங்க, சொத்துத் தகராறு, திருட்டு எல்லாத்தையும் அது முன்னாடி வெப்பாங்க, சிலை முன்னால நகந்தா ஆமாம், பின்னால போனா இல்லை. தூக்கறது யாரு? அதே ஊர் ஆளுங்க, பக்கத்து வீட்டுக்காரன்! எகிப்துலயே இன்னொரு கேஸ்ல, சாமி திருடன்னு காட்டின ஆளு ஒத்துக்காம வேற ஒரு அமுன் சாமிகிட்ட அப்பீல் போனதா பாப்பிரஸ்ல பதிவாகியிருக்கு. இது அப்படியே கேம்தான். நாலு பேர் தூக்கறாங்க, நாலு பேருக்கும் ஆளுக்கொரு கடன், ஒரு காதல், ஒரு பகை, ப்ளேயருங்க யாரை வளைக்கறதுன்னு மண்டைய ஒடைச்சுக்குவாங்க. சாமி நிஜமாவே தள்ளுச்சாங்கறதை டிஎம் (கேமை நடத்தறவரு) கடைசி வரைக்கும் சொல்லவே வேணாம். ஒரே குறை, பாலடின் ஆடறவரு நாலாவது செஷன்ல "எல்லாம் ஃப்ராடு"ன்னுட்டு கத்திய உருவிடுவாரு.

நாலாவது நம்ம ஊர்ச் சரக்கு, அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்பு. உருவம் கெடையாது, சாத்தின கதவுக்குத்தான் சந்தனம், மாலை எல்லாம். தகராறுன்னா அந்தப் படியில வந்து சத்தியம் பண்ணுவாங்க. இந்த மாடல்ல பூசாரி தீர்ப்பே சொல்றதில்ல, வாக்கு வாங்கறதோட சரி, தண்டனை சாமி பாடு, எப்போன்னு யாருக்கும் தெரியாது. பொய் சத்தியம் பண்ணலாமா வேணாமான்னு ப்ளேயரே தவிக்கணும், எனக்கு வேண்டியது அந்தத் தவிப்புதான். அதனால இதைத்தான் எடுத்துக்கிட்டேன், சாமியை அப்படியே தூக்கிட்டு வராம பேரு, ஊரு எல்லாம் மாத்தி, பூட்டின கதவை மட்டும் வெச்சுக்கிட்டு. பூசாரிங்ககிட்ட ஜோன் ஆஃப் ட்ரூத்தைப் புடுங்கிட்டேன், பதிலுக்கு யாரு எப்போ என்ன சத்தியம் பண்ணினாங்கன்னு ஒரு பெரிய பேரேடு அவங்ககிட்ட இருக்கும், அதைப் படிக்க விடறதுக்கே ஊர்ப் பெரிய மனுஷங்க காசு குடுப்பாங்க, அந்தக் காசுலதான் கோயில் அழுகும், அதுல ஒரு தனி கதை இருக்கு. பொய் சத்தியம் பண்ணினவனுக்கு ஒவ்வொரு செஷன் ஆரம்பத்துலயும் ஸ்க்ரீனுக்குப் பின்னாடி இருபது முக டைஸ் ஒண்ணு உருட்டுவேன், 1 விழுந்தா கெட்டது ஏதாவது நடக்கும், அது சாமியா தற்செயலான்னு சொல்ல மாட்டேன்.

எங்க ரோக் முதல் செஷன்லயே கதவு முன்னாடி நின்னு கூசாம பொய் சொல்லிட்டான். அஞ்சு செஷன் ஆச்சு, 1 இன்னும் விழல. ஆனா நான் சும்மா டைஸைக் கையில எடுத்தாலே அவன் கேரக்டர் ஷீட்டைப் பொத்திக்கறான்.