கணக்கு உதைக்கும்போது எது கைகொடுக்கும்? ஜிஏ4, மட்டோமோ, பிளாசிபிள், சர்வர் லாக்

வலைத்தளத்துக்கு எந்த அனலிடிக்ஸ் (வருகைகளை எண்ணிக் காட்டும் கருவி) நல்லது என்று கேட்டால் பலரும் வசதிகளைத்தான் அடுக்குவார்கள். நான் மார்க் போடுவது வேறொன்றை வைத்து: எண்ணிக்கை திடீரென்று பாதியானாலோ இரட்டிப்பானாலோ, கோளாறு எதில் சீக்கிரம் பிடிபடும்?

இதில் கூகுளின் ஜிஏ4-தான் (கூகுள் அனலிடிக்ஸ் 4) அதிகம் படுத்துகிறது. வழக்கமான ரிப்போர்ட் நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். காலையில் டேக் (வருகையைப் பதிவு செய்யப் பக்கத்தில் ஒட்டும் சிறு நிரல்) போட்டு, மாலையில் பூஜ்யத்தைப் பார்த்துப் பதறி, சரியாக இருந்த டேக்கையே கலைத்துவிடுவார்கள். வருகைகளை உடனுக்குடன் காட்டும் ரியல்டைமையோ, சோதனைக்கான டீபக்வியூவையோ பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமானது பிரவுசர்தான். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் ஆங்கிலத்தில் ‘கலெக்ட்’ என்று தேடிவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். 204 என்ற பதிலோடு ஒரு வரி வந்தால் தரவு கிளம்பிவிட்டது. ஒரே பேஜ்வியூ இரண்டு முறை போனால், தீமில் ஒரு டேக், பிளக்இன்னில் இன்னொன்று இருக்கும். வரியே வரவில்லையா? முதல் சந்தேகம் ஆட் பிளாக்கர் மேல். அடுத்தது, டேக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டேக் மேனேஜர்: பிரிவ்யூவில் எல்லாம் ஓடும், பப்ளிஷ் அழுத்த மறந்திருப்பார்கள். ‘யுஏ’ என்று தொடங்கும் பழைய ஐடி இன்னும் தீமில் இருந்தால் அது சும்மாதான் கிடக்கிறது. ஜிஏ4-க்கு முந்தைய பதிப்பான யூனிவர்சல் அனலிடிக்ஸின் சாதாரண கணக்குகள் 2023 ஜூலை 1-லேயே தரவு வாங்குவதை நிறுத்திவிட்டன.

இன்னொரு எரிச்சல்: ஜிஏ4-இல் நாமே ரிப்போர்ட் அமைத்துப் பார்க்கும் எக்ஸ்ப்ளோர் பகுதிக்கான தரவு இயல்பாக 2 மாதம்தான் நிற்கும். முதல் நாளே 14 மாதமாக மாற்றாவிட்டால், அழிந்தது அழிந்ததுதான்.

எளிமையான அனலிடிக்ஸ் கருவியான பிளாசிபிளில் தப்பு நடக்க இடமே குறைவு. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், 202 என்ற பதில், முடிந்தது. லோக்கல்ஹோஸ்டில் (உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓடும் தளத்தில்) சோதித்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லாதீர்கள். அது வேண்டுமென்றே எண்ணுவதில்லை. குக்கி கிடையாது என்பதால், இன்று வந்தவரே நாளை வந்தாலும் புது ஆள்தான். மாதக் கணக்கில் ‘தனி வாசகர்’ எண் ஊதித் தெரிவது இதனால்தான்.

மட்டோமோவை உங்கள் சர்வரிலேயே வைத்தால் தரவு உங்கள் கையில், தலைவலியும்தான். ரிப்போர்ட் காலியாக இருந்தால், பெரும்பாலும் ஆர்கைவ் கிரான் (ரிப்போர்ட்டுகளைத் தொகுக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஓடியிருக்காது. ஆனால் விசிட்ஸ் லாகில் ஒவ்வொரு வருகையும் அப்போதைக்கப்போதே வரிசையாகத் தெரியும். கோளாறு தேடுபவருக்கு இது வரம். அந்த ஒன்றுக்காகவே, சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நான் மட்டோமோ பக்கம். ஆள் இல்லை என்றால் பிளாசிபிள். கூகுள் விளம்பரத்துக்குப் பணம் கட்டுபவர்களுக்கு ஜிஏ4-தான் வசதி.

வாட்ஸ்அப்பில் பகிர்ந்த லிங்க் ‘டைரக்ட்’ (எங்கிருந்து வந்தார் என்று தெரியாத வருகை) என்று விழுவதற்கு எந்தக் கருவியும் மருந்தல்ல. லிங்க்கின் கடைசியில் யுடிஎம் (எங்கிருந்து வந்த வருகை என்று சொல்லும் குறிப்பு) சேர்த்து அனுப்புங்கள்.

எதை வைத்தாலும் சர்வர் லாக்கை (ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வரே எழுதிவைக்கும் பதிவு) சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துக் காட்ட கோஅக்சஸ் போதும், ஹோஸ்டிங் நிர்வாகப் பலகையான சிபேனலில் இருக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸும் போதும். ஆட் பிளாக்கர் லாக்கை ஏமாற்ற முடியாது. ஆனால் அதில் பாட்களும் (ஆளில்லாமல் தானாக வரும் நிரல்கள்) சேர்ந்துவிடும், சிடிஎன் கேஷிலிருந்து (இடையில் உள்ள வேறு சர்வர்கள் வைத்திருக்கும் நகலிலிருந்து) போன பக்கங்கள் விட்டுப்போகும். அதனால் மொத்த எண்ணை ஒப்பிடாமல், ஒரே பக்கத்தை, ஒரே நாளுக்கு ஒப்பிடுங்கள். அதற்கு முன் இரண்டின் நேர மண்டலத்தையும் பாருங்கள்: லாக் யுடிசியிலும் (உலகப் பொது நேரம்) ரிப்போர்ட் இந்திய நேரத்திலும் இருந்தால், ஐந்தரை மணி நேர வருகைகள் பக்கத்து நாளில் போய் உட்கார்ந்திருக்கும்.