கோட்டோவியத்துக்கு நிழல் கொடுத்த கதை

கையால் வரைந்த பாத்திரத்தை நிஜம் போலத் தெரியும் கணினிப் பின்னணியில் நடக்க விட வேண்டும். இந்த ஆசையில்தான் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் இருக்கும் கிரீஸ் பென்சில் என்ற வரையும் கருவியைக் கையிலெடுத்தேன். 2019இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து அது முழு அளவிலான அனிமேஷன் கருவி; முப்பரிமாண இடத்துக்குள்ளேயே கோடு போடலாம். நான்கு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திவிட்டேன்.

முதல் காட்சி, ஈரமான கல்தரையில் நடக்கும் ஒரு சிறுமி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகு. சேர்த்தால், போட்டோவில் ஒட்டிய ஸ்டிக்கர்! காரணம் எளிது: கிரீஸ் பென்சில் கோடுகளுக்கு நிழல் விழாது. அதனால் சிறுமியின் அளவில் ஒரு மொழுக்கைப் பொம்மை செய்து, கேமராவுக்குத் தெரியாதபடி மறைத்து, அவள் கூடவே நடக்க விட்டேன். பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் கருத்ததும் அவளுக்கு எடை வந்துவிட்டது. ஈரத்தரையைத் தேர்ந்தெடுத்ததுதான் என் முட்டாள்தனம். பிரதிபலிப்பைத் தனியாகத் தலைகீழாக வைத்துக் கலக்கவே பல நாள் போனது.

அடுத்த தலைவலி கேமரா. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தி 12 ஓவியங்களில் முடிப்பது கை அனிமேஷனில் பழைய வழக்கம். கேமரா அசையாதவரை கண்ணை உறுத்தாது. பாத்திரத்தோடு கேமராவும் நகரும்போதுதான் வம்பு. கேமரா ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்கிறது, ஓவியம் ஒன்று விட்டு ஒன்றில்தான் நகர்கிறது. ஆள் திரையில் நடுங்குவது போல இருக்கும். கேமராவையும் இரண்டிரண்டு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். பின்னணி மொத்தமும் திக்கியது. கடைசியில் கேமரா நகரும் நான்கு விநாடிக்கு மட்டும் 96 ஓவியங்களையும் வரைந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நிறம் வெளிறும் பிரச்சினையும் உண்டு. பிளெண்டரில் முன்பு ஃபில்மிக், 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ் என்று இயல்பாக அமைந்திருக்கும் நிற மாற்றங்கள் நிஜ ஒளிக்கு ஏற்றவை. தட்டையான சிவப்பை அவை மங்க வைக்கின்றன. ஓவியத்தை மட்டும், நிறத்தை மங்க வைக்காத ஸ்டாண்டர்ட் அமைப்பில் தனியாக ரெண்டர் செய்து, அதாவது இறுதிப் படமாக எடுத்து, பிறகு சேர்த்தால் சரி.

ஆரம்பத்தில் ஓவியத்தைப் பின்னணிக்குச் சமமாக உயர்த்தப் பார்த்தேன்: ஷேடிங், டெக்ஸ்சர், என்னென்னவோ. இப்போது நேர் எதிராகச் செய்கிறேன். முகத்துக்குப் பின்னால் இருக்கும் செங்கல், இலை எல்லாவற்றையும் மங்கலாக்கி, அசைவில் படம் கலங்கித் தெரிய வைக்கும் மோஷன் பிளரையும் அணைத்துவிடுகிறேன். பின்னணிதான் கோட்டுக்கு இறங்கி வர வேண்டும்.

2024இல் வந்த பிளெண்டர் 4.3 பதிப்பில் கிரீஸ் பென்சிலின் அடிப்படையையே திருத்தி எழுதிவிட்டார்கள். பழைய ஃபைலைத் திறக்குமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

வரைந்த கை, கணினியில் உருவாக்கிய ஒரு கோப்பையைப் பிடிக்கும் காட்சி மட்டும் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. விரல்கள் முன்னால், கோப்பை நடுவில், உள்ளங்கை பின்னால் என்று அடுக்கு பிரித்தாலும் எங்கோ ஒரு ஃபிரேமில் வழுக்கிவிடுகிறது. அப்புறம் என்ன, கோப்பையையும் கையாலேயே வரைந்துவிடுகிறேன்.